தப்பிப் போனவர்

அந்த வருஷம் சித்திரை மாதம் முழுவதும் நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். குங்குமம் இருக்கிறதா என்றுதான். வேர்வையில் அழிந்துவிட்டால் யாரும் பார்ப்பதற்குள் வைத்துக்கொள்ள முந்தானை முடிச்சில் ஒரு சிட்டிகை வைத்திருந்தேன்.

என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்து மலாயாவுக்குப் போனவர். அவரிடமிருந்து தகவல் நின்று பன்னிரண்டு வருஷம் முடிந்திருந்தது. அத்தனை வருஷம் தகவல் இல்லாதவருக்குக் காரியம் செய்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். தர்ப்பையில் ஒரு பொம்மை செய்து, அதையே ஆளாக நினைத்துக் கொளுத்துவார்கள். அன்றைக்கே பெண்டாட்டியின் தாலி இறங்கும்.

என் கொழுந்தனார் அதற்கு நாள் பார்த்துவிட்டார். அவருடைய பெண்ணுக்கு இரண்டு வரன்கள் வந்து தட்டிப்போயிருந்தன. காரியம் ஆகாத ஆத்மா வாசலை மறிக்கிறது என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம்.

"வர்ற அமாவாசைக்கு வெச்சிக்கலாம் அண்ணி. அண்ணன் எங்க சுத்திக்கினு கீதோ, பாவம்" என்றார்.

எனக்கு ஆண்கள் எதிரில் வாய் வராது. மனதுக்குள் மட்டும், 'அவர் சாகவில்லை, தப்பிப் போயிருக்கிறார்' என்று சொல்லிக்கொண்டேன்.

அப்படி நான் நம்பியதற்கு ஒரு கடிதம் இருந்தது. சண்டை நடந்துகொண்டிருந்தபோது பட்டாளத்திலிருந்து இங்கிலீஷில் வந்தது. நானும் மாமியாரும் அதை எடுத்துக்கொண்டு புத்தூர் தபாலாபீசுக்குப் போனோம். அங்கிருந்தவர் தெலுங்குக்காரர். படித்துப் பார்த்துவிட்டு மெதுவாக, "தப்பிபோயாடம்மா" என்றார். தப்பிப் போய்விட்டார்! மாமியார் அங்கேயே தரையில் விழுந்து கும்பிட்டார். அந்த வாரமே திருமலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். செத்துப்போகும்வரை, பிள்ளை எந்தக் காட்டிலோ ஒளிந்துகொண்டிருப்பதாகவே பேசிக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு வேறு காகிதம் எதுவும் வரவில்லை.

மாமியார் போன பிறகு நான் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். கட்டுத்துணிகளை வேகவைத்து, உலர்த்தி, சுருட்டி வைக்கிற வேலை. எட்டாம் வகுப்புப் படிப்புக்கும் என் கூச்சத்துக்கும் அந்தத் துணி அறை தோதாக இருந்தது. ஆந்திரா தனி ராஜ்யமாகப் பிரிந்த புதிது. கணவரைப் பற்றி விசாரித்துச் சித்தூர் கலெக்டர் கச்சேரிக்குத் தமிழில் ஒரு மனு எழுதினேன். பழைய காகிதங்கள் மதராஸில் இருக்கின்றன, புதுத் தலைநகர் கர்நூலுக்கு எழுதிக்கொள் என்று தெலுங்கில் பதில் வந்தது. ஆஸ்பத்திரி சமையல்கார அக்கா அதைக் கேட்டுச் சிரித்தாள்.

"நம்ம ஊரே எந்தப் பக்கம்னு இன்னும் முடிவாவல. உம் புருசன் எந்தப் பக்கம்னு எந்தக் கச்சேரிக்காரனுக்குத் தெரியும்?"

அந்த ஆஸ்பத்திரிக்குப் புதிதாக வந்த டாக்டரம்மா ஹாலந்து தேசத்துக்காரர். மே மாதம் நாலாம் தேதி காலையில் அவருடைய வீட்டு முன்கம்பத்தில் ஒரு சின்னக் கொடி பாதி உயரத்தில் நின்றிருந்தது. வாட்ச்மேன் அதைப் பார்த்தார். கயிறு சிக்கிக்கொண்டது என்று நினைத்து, கஷ்டப்பட்டு இழுத்து உச்சிக்கு ஏற்றி, நன்றாக முடிச்சும் போட்டுவிட்டார். டாக்டரம்மா வந்து பார்த்துவிட்டு முடிச்சை அவிழ்த்து மறுபடி பாதிக்கு இறக்கினார்.

"நல்லா ஏத்திவுட்டா எறக்குறாங்களே! இன்னா கோவம்?" என்றார் வாட்ச்மேன்.

கம்பவுண்டர்தான் விளக்கம் சொன்னார். அவர் தெலுங்குக்காரர், ஆனால் இரண்டு பாஷையும் பேசுவார். "இன்னிக்கு அவங்க தேசத்துல யுத்தத்துல செத்தவங்களுக்குத் தெவசம். நாளைக்கு அவங்களுக்குச் சுதந்திரம் வந்த நாளு."

"ஒரு தேசத்துக்கே தெவசமா?" என்றாள் சமையல்கார அக்கா. "எத்தினி மொடா சோறு ஆக்கணும்?"

"சோறு இல்லக்கா. ரெண்டு நிமிசம் வாய மூடிக்கினு நிக்கணும். அவ்ளோதான்."

"அது உனக்குத்தான் கஷ்டம்" என்றாள் அவள்.

அவர்கள் ஊரில் ராத்திரி எட்டு மணிக்கு நிற்பார்களாம். இங்கே எட்டு மணிக்கு வார்டு தூங்கிவிடும் என்பதால், விளக்கு வைக்கிற நேரத்துக்கு டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டார். விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது சாவைப் பற்றிப் பேசுவார்களா? அதிலும் என் கழுத்தில் தாலி நிற்குமா நிற்காதா என்று இருக்கும்போது, செத்தவர்களுக்காக நான் போய் நின்றால் என்ன அர்த்தம்? துணி அறையிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தேன். சமையல்கார அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வராந்தாவில் பத்துப் பேர் இருந்தோம். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

டாக்டரம்மா ஒரு படத்தின் முன்னால் விளக்கு ஏற்றினார். ஒல்லியான ஒரு பையனின் படம். இங்கிலீஷில் கொஞ்சம் பேசினார். கம்பவுண்டர் முதலில் தெலுங்கில் சொன்னார்: "ஈமெ தம்முடு யுத்தம்லோ தப்பிபோயாடு." பிறகு எங்கள் பக்கம் திரும்பினார்: "இவங்க தம்பி சண்டையில காணாம பூட்டாரு. இன்னி வரைக்கும் தகவல் இல்ல."

நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

எனக்கு அந்தச் சொல் தெரியாததல்ல. புத்தூர் சந்தையில் ஆடு காணாமல் போனால் அப்படித்தான் கத்துவார்கள். திருப்பதிக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்த தாய்மார்கள் அதைச் சொல்லித்தான் அழுவார்கள். நூறு தடவை கேட்டிருக்கிறேன். ஆனால் தபாலாபீசில் கேட்டதை மட்டும் நான் தமிழாகவே வைத்திருந்தேன். தெலுங்கில் அது தொலைந்து போவது. அன்றைக்குத்தான் ஒரே ஆள் வாயிலிருந்து இரண்டு பாஷையிலும் அடுத்தடுத்துக் கேட்டேன்.

இரண்டு நிமிஷம் தொடங்கியது. எங்களில் சாவு என்றால் சத்தம்தான். நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும், இறந்தவரின் பெருமையை ராகம் போட்டுச் சொல்ல வேண்டும். காரியத்தன்று ஊர்ப் பெண்கள் நடுவில் அப்படி அழ முடியாமல் நின்று அவமானப்படுவேனோ என்ற பயமும் எனக்கு அந்த மாதம் முழுக்க இருந்தது. இங்கே யாரும் அழவில்லை. உள்ளே ஒரு நோயாளி இருமினார். டாக்டரம்மாவின் கைகள் பக்கவாட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

மறுநாள் கொடி உச்சியில் பறந்தது. வாட்ச்மேன் அதைத் தொடாமல் தூர நின்று பார்த்தார். அவர்கள் ராஜ வம்சத்துக்கு ஆரஞ்சு நிறம் என்பதால் டாக்டரம்மா புத்தூர் கடையிலிருந்து ஜிலேபி வரவழைத்திருந்தார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, தானும் விரலில் ஒழுகிய பாகை நக்கி நக்கிச் சாப்பிட்டார். நேற்று தம்பிக்கு விளக்கேற்றிய கை. கல்நெஞ்சோ என்று நினைத்தேன்.

என் ஜிலேபியை இலையோடு வைத்துக்கொண்டு, கூட்டம் போகும்வரை காத்திருந்தேன். பிறகு எப்படியோ கேட்டுவிட்டேன். "தம்பி வருவாரா அம்மா?"

அவருக்குத் தமிழ் எங்கள் சமையலறையில் கற்றதுதான். யோசித்து யோசித்துச் சொன்னார். "தெரியாது. நேத்து நின்னேன். இன்னிக்கு துன்றேன்."

நான் இடுப்பிலிருந்து கடிதத்தை எடுத்து நீட்டினேன். மடிப்புகள் கிழியும் நிலையில் இருந்தன. அவர் இரண்டு முறை படித்தார். என் நெற்றியைப் பார்த்தார். "காணோம்" என்றார். அதைத் தவிர அந்தக் காகிதத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது. ஜிலேபியை என்னால் சாப்பிட முடியவில்லை.

அன்று சாயங்காலம் கொழுந்தனார் வீட்டுக்கு நானாகப் போனேன். அவருடைய பெண் கோலமாவை வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். தன்னால்தான் இந்தப் பேச்சு என்று அவளுக்குத் தெரியும்.

"காரியத்தைப் பண்ணுப்பா" என்றேன். "செத்துட்டாருன்னு நான் சொல்லல. காணோம். அதுக்கு இன்னா பண்ணணுமோ பண்ணு. ஆனா தாலிய நானே கழட்டிக்கிறேன். பொம்பளைங்க யாரும் என்னைச் சுத்திக்கினு உக்காரக் கூடாது. நான் அழ மாட்டேன், நிப்பேன்."

என் குரலை அவ்வளவு நீளமாக அவர் கேட்டதே இல்லை. "ஊர் இன்னா சொல்லும் அண்ணி?"

"ஊருக்கே எந்தப் பக்கம்னு முடிவாவலயேப்பா" என்றேன். சமையல்கார அக்காவின் பேச்சு என் வாயில் வந்துவிட்டது. அவர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அமாவாசையன்று பொம்மை எரிந்தது. நான் தள்ளி நின்றேன். பெண்கள் இருவர், "கல்லுமாதிரி நிக்குது பாரு" என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஆனாலும் நகரவில்லை. பிறகு துணி அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தாலியைக் கழற்றி, அந்தக் கடிதத்துக்குள் வைத்து மடித்தேன். ஆவணியில் கொழுந்தனாரின் பெண்ணுக்குக் கல்யாணம் ஆயிற்று.

இப்போது எல்லை முடிவாகிவிட்டது. எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. ஆனால் எனக்குப் பயம் போகவில்லை, வேறு பயமாக மாறிவிட்டது. காரியம் செய்யப்பட்டவர் திரும்பி வந்தால் முன்வாசல் வழியாக நுழையக் கூடாது என்பார்கள். வீட்டைப் பொறுத்தவரை அவர் செத்தவர். அவருக்கோ அது தெரியாது. நேராகத்தானே வருவார்? அப்போது நான் ஓடிப்போய், "நில்லுங்க, கொல்லைப் பக்கமா வாங்க" என்று சொல்ல வேண்டும். அதற்கு எனக்கு வாய் வருமா?

போன வாரம் கொழுந்தனார் வந்தபோது, கொல்லைக் கதவுத் தாழ்ப்பாள் துருப்பிடித்து விழுந்துகிடப்பதைப் பார்த்தார்.

"நாய் பூந்துடும் அண்ணி. ஆசாரிய வரச் சொல்றேன், வேற போட்டுக்கோ."

போட்டுக்கொள்கிறேன் என்று சொன்னேன். ஆசாரி வந்தபோது வேறு வேலை கொடுத்து அனுப்பிவிட்டேன்.