வடக்கு வேலியோரம் இருபத்து மூன்று பேர்

“அந்த மூணு பேரோட சிலுவை எங்கே?” என்று மார்லிஸ் டீச்சர் கேட்டார்.

என் கட்டுரையை வகுப்பில் வாசித்துக்கொண்டிருந்தேன். நூறு வருஷத்துக்கும் முன்பு ருஷ்யாவிலிருந்து டகோடாவுக்கு வந்து, எங்கள் ஊரான நியூ லாண்டாவில் முதன்முதலாக மண்கட்டி வீடு கட்டிய ஜெர்மன்காரர்களில் ஃபிலிப் ஷ்மால்ட்ஸும் ஒருவர். அவருடைய குடும்பம்தான் எனக்குக் கிடைத்திருந்தது. ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு குடும்பம். நிலப் பத்திரம், மக்கள்தொகைக் கணக்கு, கோவில் பதிவேடு, கல்லறைச் சிலுவை, இவற்றை மட்டும் வைத்து அவர்கள் வாழ்க்கையை எழுத வேண்டும். தாளில் இல்லாத ஒன்றை எழுதினால் ஓரத்தில் பென்சிலால் ‘எப்படித் தெரியும்?’ என்று வரும். என் முதல் வரைவில் அது பதினான்கு இடங்களில் இருந்தது.

மார்லிஸ் கெஃப்ரோவுக்கு முப்பத்தெட்டு வயது. காலையில் வரலாறு, மாலையில் பெண்களுக்கு வாலிபால். சூரியகாந்தி விதையை மென்று தோலைக் காப்பிக் கோப்பையில் துப்பிக்கொண்டேதான் தாள் திருத்துவார். சென்ற அக்டோபரில் அவருக்குக் குழந்தை இறந்தே பிறந்தது. ஒன்பதாம் நாள் வகுப்புக்கு வந்துவிட்டார். எங்கள் அம்மாக்கள் அவர் வீட்டு வாசலில் மூடிபோட்ட பாத்திரங்களில் சூப்பை வைத்துவிட்டு வந்தார்கள். பாடம் நடத்தும்போது அவர் குரல் ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒரே மட்டத்தில் வந்தது, அவ்வளவுதான்.

நான் எழுதியிருந்தது இது: ஷ்மால்ட்ஸுக்கு மூன்று மகன்கள் இறந்தார்கள்; மூவருக்கும் ‘டோட்கெப்’ என்றே பெயர். பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அப்படித்தான் இருந்தது. எங்கள் ஊரில் அது விசித்திரமும் இல்லை. யோசஃப் என்ற பிள்ளை இறந்தால் அடுத்தவனுக்கும் யோசஃப் என்று வைப்பார்கள்.

“மக்கள்தொகைக் கணக்குல ஷ்மால்ட்ஸோட மனைவி பெத்தது அஞ்சு, உயிரோட இருக்கறது அஞ்சுன்னு இருக்கு. நீ எட்டுங்கற. எது பொய்?” என்றார் டீச்சர்.

“கணக்கெடுக்க வந்தவன் தப்பா எழுதியிருப்பான் டீச்சர்.”

“எப்படித் தெரியும்? போய் சிலுவையப் பாத்துட்டு வா.”

சனிக்கிழமை நானும் என் வகுப்புத் தோழன் ட்ரேயும் கோவில் கல்லறைக்குப் போனோம். முழங்கால் வரை பனி. இரும்புச் சிலுவைகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் படித்தோம். ஷ்மால்ட்ஸ்கள் பதினோரு பேர் இருந்தார்கள். டோட்கெப் ஒருவன்கூட இல்லை.

“உன் ஆளு எழுந்து கலிஃபோர்னியா போயிட்டான்டா. புத்திசாலி” என்றான் ட்ரே. அவன் மூக்கு நீலமாகியிருந்தது.

திங்கட்கிழமை வகுப்பில் சிலுவை இல்லை என்று சொன்னேன். ஷெல்பி கை தூக்கினாள். “டீச்சர், என் குடும்பத்துலயும் ஒரு டோட்கெப் இருக்கான்!”

“எனக்கு ரெண்டு!” என்றான் ட்ரே. “ஒண்ணு பொண்ணு டீச்சர். பொண்ணுக்குப் போயி டோட்கெப்னு வெச்சிருக்காங்க!”

“அந்தக் காலத்துல அதான்டா ஃபேஷன்!” என்றான் பின்வரிசையில் ஒருவன்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். டீச்சர் கோப்பையை மேசையில் வைத்தார்.

“அது பேர் இல்ல. ஜெர்மன்ல சுருக்கி எழுதினது. இறந்து பிறந்ததுன்னு அர்த்தம்.”

ஷெல்பி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். டீச்சர் சாக்பீஸை எடுத்தார். “யார் யாருக்கு எத்தனைன்னு சொல்லுங்க. எழுதிடுவோம்.”

கூட்டினால் இருபத்து மூன்று வந்தது. அந்தக் காலத்துப் பாதிரியார் எல்லாவற்றுக்கும் எதிரே ஒரே குறிப்பை எழுதியிருந்தார்: வடக்கு வேலியோரம், வெளியே. ஞானஸ்நானம் ஆகாத பிள்ளைகளை அப்போது கல்லறை வேலிக்குள் புதைக்க மாட்டார்கள்.

அந்த வடக்குப் பக்கத்தில்தான் மே மாதம் வண்டிகள் நிறுத்த ஜல்லி கொட்டுவதாகக் கோவில் குழு முடிவு செய்திருந்தது. குழுத் தலைவர் கிளாரன்ஸ், டீச்சரின் கணவருக்குப் பெரியப்பா. அடுத்த கூட்டத்துக்கு டீச்சர் என்னையும் ட்ரேயையும் ஷெல்பியையும் கூட்டிக்கொண்டு, பதிவேட்டின் நகலோடு போனார்.

“ஏம்மா மார்லிஸ், வடக்கு வேலின்னா எந்த வேலி?” என்றார் கிளாரன்ஸ். “எங்கப்பா காலத்துலயே வேலிய நகத்தியாச்சு. பழசு எங்க இருந்துச்சுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது பெரியப்பா.”

“பின்ன? விதைப்பு சீசன்ல லாரி கிடைக்கறதே பெரிய பாடு. மனசு கஷ்டமா இருக்குன்னு சொல்லு, புரிஞ்சுக்கறேன். அதுக்காக—”

“என் மனசப் பத்திப் பேச வரல” என்றார் டீச்சர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஜல்லி கொட்டும் முடிவு மாறவில்லை.

ஏப்ரல் கடைசியில் பனி உருகத் தொடங்கியது. தினமும் பள்ளி விட்டதும் டீச்சரின் பிக்கப்பில் போய், குழிகளின் தடம் தெரிகிறதா என்று பார்த்தோம். மே முதல் வெள்ளிக்கிழமை புல்வெளி முழுதும் பழுப்பாகிவிட்டிருந்தது. வேலிக்கு வெளியே, ஆறேழு அடி தள்ளி, வெள்ளைத் திட்டுகள் மட்டும் மிச்சமிருந்தன. தரை லேசாக உள்வாங்கிய இடங்களில் பனி தங்கியிருந்தது. ஒவ்வொன்றும் ஒரு கை நீளம்தான். எல்லாம் ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில்.

பத்தொன்பது எண்ணினோம். வரிசையின் மேற்கு முனையில் ஒரு ஜல்லிக் குவியல் இருந்தது. முதல் லாரி அன்று காலையே வந்துவிட்டுப் போயிருந்தது.

டீச்சர் ஃபோன் செய்தார். கிளாரன்ஸ் வந்து, வண்டியை அணைக்காமலே இறங்கினார். “வளை தோண்டற ஏதாவது மிருகம் பண்ணினதா இருக்கும்.”

“இருக்கலாம்” என்றார் டீச்சர். “பதிவேட்டுல இருபத்து மூணு. இங்க பத்தொம்பது. அவ்ளோதான் எனக்குத் தெரியும்.”

கிளாரன்ஸ் அந்த வரிசையைப் பார்த்தபடி நின்றார். பிறகு, “எங்க வீட்டுப் பேரு இருக்கா அதுல?” என்றார்.

டீச்சர் பதிவேட்டு நகலின் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். இரண்டு இடங்களில் இருந்தது. அவர் விரலை வைத்துப் படித்தார். பிறகு வண்டிக்குப் போய் ஃபோனில் சொன்னார்: “லாரிய நிறுத்து. ஆமா, இப்பவே. தெற்குப் பக்கம் கொட்டிக்கலாம். ஏன்னு அப்புறம் சொல்றேன்.”

மறுநாள் எட்டுப் பேர் சேர்ந்து குவியலை மண்வெட்டியால் அள்ளினோம். கீழே தரை சக்கரத்தில் நசுங்கி, தட்டையாக இருந்தது. அங்கே குழி இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. டீச்சர் மண்வெட்டியைப் பிக்கப்பில் போட்டுவிட்டு வாலிபால் பயிற்சிக்குக் கிளம்பிப் போனார்.

என் கட்டுரையின் முடிவில், ‘மற்ற நால்வரும் ஜல்லிக் குவியலின் அடியில் இருக்கிறார்கள்’ என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் பென்சில் கேள்வி வந்தது. அடித்துவிட்டு, ‘மற்ற நால்வர் இருக்குமிடம் தெரியவில்லை’ என்று எழுதினேன். அது அப்படியே நின்றது.

டீச்சர்தான் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றினார் என்று ஊரில் இப்போது சொல்கிறார்கள். அவர் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. அவர் சொன்னது ஒன்றுதான்: “அவங்க ஆளுங்களுக்கு யாராவது சொல்லணும்.” அந்தக் குடும்பங்களில் பல, வறட்சிக் காலத்தில் மேற்கே போய்விட்டன. கலிஃபோர்னியாவிலும் வாஷிங்டனிலும் அவர்கள் பேரப்பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களிடம் குடும்ப வரைபடங்கள் இருக்கும். அதில் டோட்கெப் என்று ஒரு மாமாவோ அத்தையோ இருக்கலாம்.

நான் அடுத்த வாரம் ஊரை விட்டுக் கிளம்புகிறேன். எல்லோரையும் தேடிப் போக என்னால் முடியாது. டகோடாவிலிருந்து வந்த குடும்பம் என்று யாராவது சொன்னால், தயவுசெய்து இதை அவர்களிடம் சொல்லுங்கள். அது பெயர் இல்லை என்று சொல்லுங்கள். இடம் வடக்கு வேலிக்கு வெளியே என்றும், பத்தொன்பது பேரைப் பார்த்தோம் என்றும் சொல்லுங்கள்.