அம்மா சொல்லாத எட்டு மாதங்கள்

எங்கள் வீட்டில் பிளஸ் டூ பொருளியல் புத்தகம் ஒன்றுதான் இருந்தது. அதைப் படித்தவர்கள் இரண்டு பேர். முதல் பக்கத்தில் பேனாவால் என் பெயர், வகுப்பு, பிரிவு. அதற்குக் கீழே பென்சிலால், அழித்தால் தடம் தெரியாத அளவுக்கு இலேசாக, அம்மாவின் பெயர். வகுப்பு என்று எழுத வேண்டிய இடத்தில் அவள் ஒரு சின்னக் கோடு மட்டும் போட்டிருந்தாள். அப்போது எனக்குப் பதினேழு வயது, அவளுக்கு முப்பத்தாறு. அவள் இறந்துபோய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்தப் புத்தகத்தை எப்போதோ பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டோம். போட்டது நான்தான்.

பத்தாம் வகுப்பில் பள்ளியிலேயே இரண்டாவதாக வந்தவளை அதோடு நிறுத்திப் பதினெட்டில் அப்பாவுக்குக் கட்டிவைத்தார்கள். அப்பா விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்த்தார். நாள் முழுக்கத் தறிச் சத்தத்தில் நின்றதனாலோ என்னவோ, வீட்டுக்கு வந்தால் அவருக்கு யாரும் பேசாமல் இருந்தால் போதும். நான் ஒரே பிள்ளை. ஆகவே அம்மா பேசியதெல்லாம் என்னிடம்தான், நான் பேசியதும் அவளிடம்தான். நான் பள்ளிக்கூடத்திலிருந்து புதுப் புத்தகங்களை வாங்கி வந்த அன்று, அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைத்துவிட்டுப் பொருளியலைப் புரட்டினாள். கொஞ்ச நேரம் கழித்து, “இத நான் படிச்சா வெளங்குமாட்டி?” என்று கேட்டாள். வெளங்கும் என்றேன். “அப்ப ரெண்டு பேரும் சேந்து எழுதுவோம். பள்ளிக்கூடத்துல சேராம தனியா எழுதலாமாம், கேட்டுட்டேன்” என்றாள். அவள் முன்பே விசாரித்து வைத்துவிட்டு என்னிடம் உத்தரவு கேட்பதுபோல் கேட்டது எனக்கு அப்போது புரியவில்லை. எதையும் முதலில் தனக்குள் முடித்துவிட்டுத்தான் வெளியே சொல்வாள்.

பாடவேளைப் பட்டியலை அடுப்படிக் கதவில் ஒட்டினாள். எனக்கு எந்தப் பாடம் இல்லையோ அந்தப் புத்தகம் அன்று அவளுக்கு. சாயங்காலம் வந்ததும் வகுப்பில் நடத்தியதை நான் அவளுக்கு நடத்த வேண்டும். சில சமயம் நான் சொல்வது தப்பு என்று அவளே கண்டுபிடிப்பாள். “ஒங்க டீச்சர் தூங்கிட்டாளா, நீ தூங்கிட்டியா?” என்பாள். பரீட்சை அன்று அவளுக்கு வேறு பள்ளிக்கூடத்தில் இடம் போட்டிருந்தார்கள். முடிந்ததும் கோவில் வாசலில் சந்திப்பதாகப் பேச்சு. நான் போய் நின்ற கொஞ்ச நேரத்தில், வினாத்தாளால் வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே வந்தாள். உள்ளே நுழைந்தபோது வாட்ச்மேன் எழுந்து வணக்கம் வைத்து, “டீச்சர், சூப்பர்வைசர் ரூம் அங்கன இருக்கு” என்றாராம். “நான் பரீட்ச எழுத வந்தவன்னு சொன்னதும் அந்தாளு மூஞ்சியப் பாக்கணுமே!” இரண்டு பேரும் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டே விடைகளை ஒப்பிட்டுப் பார்த்தோம். என் வாழ்க்கையில் அதற்கு முன்போ பின்போ அப்படி ஒரு சிநேகிதி எனக்குக் கிடைக்கவில்லை. வகுப்பில் மற்றப் பிள்ளைகள் சிநேகிதிகளோடு பேசுவதை வீட்டில் மறைத்தார்கள். எனக்கு மறைக்க வீடு என்று தனியாக ஒன்று இல்லை.

அவள் கணக்குப்பதிவியலில் தோற்று, மறுபடி எழுதித் தேறினாள். நான் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வரலாறு படித்தேன், அவள் அதையே அஞ்சல் வழியில் படித்தாள். பிறகு அரசு வேலைக்கான தேர்வை ஒரே நாளில் இருவரும் எழுதினோம். எனக்குக் கிடைத்தது, அவளுக்குக் கிடைக்கவில்லை. தாலுகா ஆபீசில் சேரும் உத்தரவு வந்த அன்று அவள் முகத்தையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். “என்னட்டி அப்பிடிப் பாக்க? ரெண்டு பேரும் வேலைக்குப் போயிட்டா சோறு யாரு பொங்குவா?” என்று சொல்லிவிட்டு எதிர்வீட்டுக்கு ரவிக்கைத் துணியோடு போனாள். எதிர்வீட்டுச் சித்தி தையல்காரி. உறவு ஒன்றும் இல்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. முதல் நாள் வேலைக்கு நான் போட்டுக்கொண்டு போக வேண்டிய ரவிக்கையை அன்றே தைத்துத்தரச் சொல்லி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தேன். இருபது வருஷம், ஆபீஸ் விட்டதும் நேரே அம்மா வீடு. ஒரு மணி நேரம் பேசிவிட்டுத்தான் என் வீடு. ஆபீசில் இருப்பவர்களில் ஒருவரையும் அவள் நேரில் பார்த்ததில்லை, ஆனால் எல்லோருக்கும் பெயர் வைத்திருந்தாள். ஒருவர் ‘தும்மல்’, ஒருவர் ‘நாளைக்கு வாங்க’, புதிதாக வந்த தாசில்தார் ‘மாப்பிள்ளை’. என் முதல் கரு கலைந்ததும், வீட்டுக்காரரோடு நான் மூன்று மாதம் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் அவளுக்கு மட்டுமே தெரியும். நானும் அம்மாவும் சிநேகிதிகள் மாதிரி என்று ஆபீசில் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். இப்போது அந்த ஒரு மணி நேரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறேன். எல்லாவற்றிலும் நான்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அவள் கருவேப்பிலை உருவிக்கொண்டோ பூக்கட்டிக்கொண்டோ கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

பதவி உயர்வுக்கு எனக்குத் துறைத் தேர்வில் ஒரு தாள் மிச்சம் இருந்தது. நாற்பது வயதுக்கு மேல் சட்டப் பிரிவுகள் மண்டையில் ஏற மறுத்தன. அந்த வருஷம் கிராமக் கணக்குகளைச் சரிபார்க்கும் ஜமாபந்தி வேலை வேறு. அம்மாவுக்கு ஒரே உற்சாகம். கேள்விகளைத் தாளில் எழுதிவைத்து, நான் போனதும் கேட்பாள். அந்த மாதங்களில்தான் நான் சிலவற்றைப் பார்த்தேன். கடைக்குப் போகும் பையை எப்போதும் இடது தோளில் மாட்டுகிறவள் வலது தோளுக்கு மாற்றியிருந்தாள். வீட்டுக்குள்ளும் ஒரு துண்டை மேலே போட்டுக்கொண்டிருந்தாள். ரவிக்கையின் இடது பக்கம் காவி நிறத்தில் கறை இருந்தது. ஒருநாள் என் மகள் ஓடிவந்து கட்டிக்கொண்டபோது உதட்டைக் கடித்துக்கொண்டு அவளை மெல்ல விலக்கினாள். இவை அத்தனையையும் பார்த்தேன். பார்த்தேன் என்பது பிறகு தெரிந்ததல்ல. அன்றைக்கே, அந்தந்த நேரத்திலேயே, பார்க்கிறோம் என்று தெரிந்துதான் பார்த்தேன். ஒருமுறை ‘என்னம்மா’ என்று வாய்வரை வந்தது. அதற்குள் அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள். எனக்கு விடை தெரிந்திருந்தது. அந்தச் சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

பரீட்சை எழுதிவிட்டு வந்த நாலாவது நாள், குளிக்கப் போனவள் அங்கேயே மயங்கி விழுந்ததாக அப்பா ஆபீசுக்கு போன் பண்ணினார். ஓடிப்போய் ஈரச் சேலையை மாற்றும்போதுதான் கண்ணால் கண்டேன். இடது மார்பு கல்லைப்போல் இறுகி, ஓரிடத்தில் தோல் வெடித்துப் புண்ணாகியிருந்தது. அதன்மேல் கோவில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தாள். திருநெல்வேலியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். இளவயது லேடி டாக்டர். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். அம்மா என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, “எட்டு மாசம் இருக்கும் டாக்டர்” என்றாள். டாக்டர் என்னைப் பார்த்து, “நீங்க இவங்க கூட இல்லையா? வெளியூரா?” என்றார். உள்ளூர்தான், தினமும் பார்ப்பேன் என்று சொன்னேன். நுரையீரலுக்குப் போய்விட்டது என்று இரண்டாம் நாள் சொன்னார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என்னிடம் ஒளித்துவிட்டாளே என்கிற கோபம். பாதி வழியில், “பரீட்ச நல்லா எழுதிருக்கியாட்டி?” என்று கேட்டாள். “எம்மா, எங்கிட்டச் சொல்லாம யார்கிட்டச் சொல்லப் போற நீ?” என்று எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்: “சொன்னா நீ படிக்க மாட்ட. எனக்குத் தெரியாதா?”

அதன் பிறகு நாலு மாதம் இருந்தாள். நீண்ட விடுப்பு போட்டேன். புண்ணைத் துடைத்துக் கட்டுவேன், கஞ்சி ஊட்டுவேன், செய்ய வேண்டியது அத்தனையும் செய்தேன். ஆனால் அந்தக் கோபத்தை நான் கீழே வைக்கவில்லை. அவள் ஆபீஸ் கதை கேட்பாள். “ஒங்க தும்மல் எப்பிடி இருக்கான்? மாப்பிள்ளைக்கு மாத்தல் வந்துட்டா?” தெரியாது என்பேன். தெரிந்தாலும் தெரியாது என்பேன். நாலு மாதத்தில் முதல் ஒன்றரை மாதத்தை அப்படியே வீணாக்கினேன். கோபம் தீர்ந்து நான் பேச ஆரம்பித்தபோது அவளுக்கு மூச்சு போதவில்லை. கேட்க மட்டும் செய்தாள், அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

ஒரு காலையில் பத்து மணி இருக்கும், பேப்பர் வாசித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துக் குளம் ஒன்று நிரம்பியதாக ஒரு செய்தி. படித்து முடித்து, “கேட்டியாம்மா?” என்று நிமிர்ந்தேன். கேட்கவில்லை. எந்த வரி வரைக்கும் கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. அப்பா தறிக்கூடத்திலிருந்து வந்து, அவள் கால்மாட்டில் உட்கார்ந்து, “எப்பவும் ஏதாவது பேசிக்கிட்டே இருப்பாளே” என்றார். அன்றைக்கு அவர் பேசியது அவ்வளவுதான்.

தேர்வில் நான் தேறியிருந்தேன். பதவி உயர்வு உத்தரவும் வந்தது. ஆபீசில் எல்லோருக்கும் லட்டு கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்தேன்.

முப்பதாம் நாள் காரியம் கழிந்து ஒருநாள் எதிர்வீட்டுச் சித்தி என்னைக் கூப்பிட்டாள். மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு மாதமாக யோசித்தாளாம். அம்மா ஒரு மத்தியானம் ரவிக்கையைக் கொண்டுவந்து, இடது பக்கம் மட்டும் கொஞ்சம் தளர்த்தித் தரச் சொல்லியிருக்கிறாள். எதற்கு ஒரு பக்கம் மட்டும் என்று சித்தி கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், அம்மா கதவைச் சாத்திவிட்டுக் காட்டியிருக்கிறாள்.

“நாந்தான் கேட்டேம்லா, அதான் சொன்னா” என்றாள் சித்தி. “ஒம் மகட்டச் சொல்லுக்கா, இல்லேன்னா நான் சொல்லுதேன்னு சண்ட போட்டேன். எந்தலைல அடிச்சுச் சத்தியம் வாங்கிட்டா.”

“என் பரீட்சைக்காக” என்றேன்.

சித்தி நூல்கண்டைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தாள். “பரீட்சன்னு முதல்ல சொன்னா. அப்பறம் மாசம் ஆக ஆக வேற மாதிரி சொன்னா. ‘தெனம் வாரா, எதுக்க உக்காருதா, எம் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுதா, அவ ஒரு வார்த்த கேட்டான்னா சொல்லிருவேன்’னா. நீ வந்துட்டுப் போனப்பறம் இங்கன வருவா. நான் ‘இன்னைக்குக் கேட்டாளாக்கா?’ன்னு கேப்பேன். ‘இன்னைக்கு இல்ல, அவளுக்கு வேல சாஸ்தி’ம்பா.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான் இதச் சொல்லிருக்கக் கூடாது மக்கா” என்றாள்.

சொல்லியிருக்கக் கூடாதுதான். ஆனால் அதற்குப் பிறகு என்னால் அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. அம்மாவின் எட்டு மாதங்கள் அங்கேதான் இருந்தன. ஆபீஸ் விட்டதும் நேரே போய் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வேன். வேறு என்ன சொன்னாள் என்று கேட்பேன். நான் கேட்கிறேன், இப்போது கேட்க எனக்கு நன்றாக வருகிறது. சித்தி தைத்துக்கொண்டே ஒவ்வொன்றாகச் சொன்னாள். வலி வரும்போது அம்மா கிராம்பைக் கடித்துக்கொண்டு அவள் மெஷின்மேல் தலைசாய்த்துப் படுத்திருப்பாளாம். வேலைக்கான தேர்வில் தான் தோற்ற அன்று இந்த வீட்டுக்குள் வந்துதான் அழுதாளாம், மறைக்க மெஷினை ஓட்டச் சொன்னாளாம். ஊசி போட்டால் முடி கொட்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதற்குத்தான் ரொம்பப் பயந்தாளாம். இருபத்தைந்து வருஷம் சிநேகிதி என்று நான் சொல்லிக்கொண்டவளை அந்த ஸ்டூலில் உட்கார்ந்துதான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன்.

சில மாதங்களாகச் சித்தி சொன்னதையே திரும்பச் சொல்ல ஆரம்பித்திருந்தாள். நான் அதையும் கேட்டேன். போன வெள்ளிக்கிழமை பூ மார்க்கெட் வழியாக வந்து, வழக்கம்போல் உட்கார்ந்து, வேறு ஏதாவது சொன்னாளா என்றேன். சித்தி மெஷினை நிறுத்தினாள். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“வேற ஒண்ணும் இல்ல மக்கா. எனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் சொல்லிட்டேன்.”

சரி சித்தி என்றேன். அவள் மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கினாள். எனக்கு எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. எங்கே போவது என்றுதான் தெரியவில்லை.