குறை சொல்லாத வாரம்

என் யோகா வகுப்பில் திங்கட்கிழமை என்றால் கரும்பலகையில் ஒரு சொல் இருக்கும். சித்தூரில் ஒரு டியூஷன் சென்டரின் மாடி ஹால்தான் எங்கள் இடம். காலை ஐந்தரைக்குப் போய், பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை அழித்துவிட்டு, அந்த வாரத்துக்கான சொல்லை எழுதுவேன். நிதானம். நன்றி. மெதுவாகச் சாப்பிடுவது. ஆசனம் செய்யும்போதும் சரி, வீட்டு வேலை பார்க்கும்போதும் சரி, அந்த ஏழு நாளும் அதையே மனதில் வைத்திருக்க வேண்டும். திருப்பதியில் ஆசிரியர் பயிற்சி எடுத்தபோது கற்றுக்கொண்ட பழக்கம். அங்கே அதைச் சங்கல்பம் என்பார்கள். எங்கள் வகுப்புப் பெண்களுக்கு அது பூஜை சமாச்சாரமாகத் தெரியும் என்று நான் வெறுமனே "வாரச் சொல்" என்று வைத்தேன்.

வேடிக்கையாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மெதுவாகச் சாப்பிடும் வாரத்தில் ஒரு பெண்ணின் கணவர் மாடிப்படி ஏறி வந்து, "உன்னால நான் டூட்டிக்கு லேட்டு" என்று என்னிடம் சண்டை பிடித்தார். அவரையும் மெதுவாகத் துன்னச் சொன்னாளாம். வருகிற பதினோரு பேருக்கும் என் சொல்லின்மேல் அவ்வளவு மரியாதை. அது எனக்குத் தலைக்கு ஏறியும் இருந்தது. இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பதினோரு பேரில் ஒருத்தி என் அண்ணி. அண்ணன் சித்தூர்–திருப்பதி பஸ்ஸில் கண்டக்டர். அண்ணி வீட்டிலேயே புடவைகளுக்கு ஃபால் தைத்துக் கொடுப்பாள். சின்ன வயதிலிருந்தே தடித்த கண்ணாடி. வாய் ஓயாத மனுஷி. முட்டி வலி, ஃபேன் சத்தம், பாலில் தண்ணீர், பக்கத்து யோகா மேட்டின் ரப்பர் நாற்றம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேதான் கையைத் தூக்குவாள். அவள் ஆரம்பித்தால் மற்றவர்களும் பிடித்துக்கொள்வார்கள். எனக்கோ மூக்கின்மேல் கோபம். நகரியில் பவர்லூம் சத்தத்துக்கு நடுவே கத்திப் பேசியே வளர்ந்தவள் நான். சவாசனத்தில் "அமைதியா இருங்க" என்று நான் சொல்வது கீழே தெருவில் போகிறவருக்கும் கேட்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது அண்ணி, "இன்னா தரை இப்பிடி ஜில்லுன்னு கீது, இடுப்பு புடிச்சிக்கினா யாரு பாக்கறது?" என்றாள். ஹால் முழுக்கச் சிரிப்பு. சவாசனம் போச்சு. எனக்கு அப்படி ஒரு எரிச்சல். இவள் வாயை ஒரு வாரமாவது கட்டிப் போடாவிட்டால் நான் டீச்சரே இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

அடுத்த திங்கட்கிழமை பலகையில் பெரிய எழுத்தில் எழுதினேன்: குறை சொல்லாத வாரம்.

"அண்ணி, இது உனக்கோசரம்தான்" என்றேன்.

"அப்பிடியா சேதி? பாத்துக்கினே இரு. ஞாயித்துக்கிழமை வரிக்கும் என் வாயிலேர்ந்து ஒரு வார்த்தை வருதான்னு பாரு" என்றாள். சொன்னபடியே செய்தாள். செவ்வாய்க்கிழமை கரண்ட் போய் ஃபேன் நின்றது. எல்லோருக்கும் வியர்வை வழிந்தது. அண்ணி மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நானே சிரித்துவிட்டேன்.

புதன்கிழமை தலையைத் தொங்கவிட்டுக் குனிகிற ஆசனம். எல்லோரும் நிமிர்ந்த பிறகு அண்ணி கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். போட்டுக்கொண்டாள். மறுபடி கழற்றித் துடைத்தாள். பிறகு மேட்டை விட்டு எழுந்து என்னிடம் வந்தாள்.

"ஏம்மா, இந்த வலது கண்ணுல கறுப்பா கொசு கொசுவா பறந்துக்கினு..."

நான் என் உதட்டின்மேல் விரலை வைத்தேன். இன்னொரு கையால் பலகையைக் காட்டினேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணியும் சிரித்தாள், நாக்கைக் கடித்துக்கொண்டு, தோற்கப் பார்த்தேனே என்பது போல. திரும்பிப் போய் மேட்டில் நின்றாள். "ம், அடுத்தது" என்றேன் நான். அரை நிமிஷம்கூட ஆகியிருக்காது.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் வந்தாள். ஒற்றைக் காலில் நிற்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். பார்த்தேன். வழக்கமாக ஏன் என்று ஒரு கதை சொல்வாள். சொல்லவில்லையே என்று மகிழ்ச்சிதான் பட்டேன். சனிக்கிழமை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில், "இந்த வாரம் அண்ணிக்கு நூத்துக்கு நூறு" என்று போட்டு வரிசையாகக் கைதட்டல் வைத்தேன். அவள் பதிலுக்கு ஒரு கும்பிடு போட்டாள். அந்தக் கும்பிடு இன்னும் என் போனில் இருக்கிறது. அழிக்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனுக்குக் காபி ஊற்றினாள். காபி டம்ளரில் விழவில்லை. பக்கத்தில், அவன் காக்கி பேண்டின்மேல் கொட்டியது. அவன் குதித்து எழுந்து கத்த, அப்போதுதான் அவள், "இந்தப் பக்கம் திரை போட்டாப்புல கீதுங்க, ஒண்ணும் தெரியல" என்று சொல்லியிருக்கிறாள். உடனே எனக்குப் போன் செய்தான். மூன்று பேரும் பஸ் ஏறித் திருப்பதிக்குப் போனோம். சந்திரகிரி தாண்டும்வரை அண்ணிக்கு ஒரே வேலைதான். இடது கையால் இடது கண்ணைப் பொத்துவாள், எடுப்பாள், மறுபடி பொத்துவாள். எனக்குப் புதன்கிழமை ஞாபகம் வந்துவிட்டது.

கண் ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளவயது டாக்டர். வெகுநேரம் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, "என்னி ரோஜுலைந்தி?" என்று தெலுங்கில் கேட்டார். எத்தனை நாளாகிறது என்று. அண்ணி மற்றொரு கண்ணால் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஈ ரோஜே, பொத்துன்னே" என்றாள். இன்றைக்குத்தானாம், காலையில்தானாம்.

டாக்டர் நம்பவில்லை. கண்ணுக்குள்ளே இருக்கிற விழித்திரை கிழிந்து, கழன்று வந்துவிட்டது, இது ஒரு நாளில் ஆனதாகத் தெரியவில்லை என்றார். முதலில் கறுப்புப் புள்ளிகள் பறந்திருக்குமே, அப்போதே வந்திருந்தால் லேசர் வைத்து ஒரே நாளில் அனுப்பியிருப்பேனே என்றார். அண்ணி தெரியாது, தெரியாது என்று தலையாட்டிக்கொண்டே இருந்தாள்.

வெளியே வராண்டாவில் அண்ணன் உடைந்துபோனான். "தெனம் இந்த ஆஸ்பத்திரி வாசல்ல பஸ்ஸ நிறுத்தி ஆளு ஏத்தறவன் நானு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த பஸ்லியே இஸ்துக்கினு வந்திருப்பேனே. ஏண்டீ சொல்லல? ஊருக்கே கேக்கற மாதிரி எல்லாத்தையும் சொல்லுவியே!"

"எனக்கே தெரியலங்க" என்றாள் அண்ணி.

நான் அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன், அவனுக்கு ஒரு கை தூரத்தில். நான்தான் அவள் வாயை மூட வைத்தேன் என்று சொல்ல அந்த இடத்தைவிட நல்ல இடம் கிடையாது. நான் போய் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் ஆபரேஷன். கண்ணுக்குள் ஏதோ காற்று வைத்திருப்பதாகச் சொல்லி, பத்து நாள் குப்புறவே படுக்க வேண்டும் என்றார்கள். சாப்பாடும் தலையைக் குனிந்தபடியே. அவளோடு பேச நான் கட்டிலுக்கு அடியில் தரையில் மல்லாந்து படுப்பேன். அப்போதுதான் அவள் முகம் தெரியும். நாலாம் நாளோ என்னவோ, "இந்த வாரம் இன்னா சொல்லு எழுதுன?" என்று கேட்டாள். எழுதவில்லை என்றேன். "அடப் பாவி, அதுங்க பத்தும் காத்துக்கினு கெடக்குமே" என்றாள். கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு அழுதேன். அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பார்வை வரவில்லை. அந்தக் கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறது, ஜன்னல் எந்தப் பக்கம் என்று சொல்கிற அளவுக்கு. இரண்டு கண்ணும் சேர்ந்தால்தான் ஊசி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியுமாம். மூன்று மாதம் விரலெல்லாம் குத்திக்கொண்டு பார்த்தாள். பிறகு ஃபால் தைப்பதை விட்டுவிட்டாள். வாடிக்கைக்காரர்களிடம், "அலுத்துப்போச்சும்மா" என்று சொல்லிப் புடவைகளைத் திருப்பிக் கொடுத்தாளாம்.

நான் பலகையில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். பிள்ளைகளின் கணக்கு அப்படியே கிடக்கும். வகுப்பு ஆரம்பிக்கும் முன் ஒவ்வொருவரிடமும் போய் நின்று, "எங்க வலிக்குது? கண்ணு எப்பிடி கீது? சொல்லு" என்று கேட்கிறேன். அவர்களும் சொல்கிறார்கள், மாமியார் கதை வரைக்கும். பாதி நேரம் அதிலேயே போகிறது, போகட்டும். அண்ணியும் வருகிறாள். குனியக் கூடாது என்பதால் நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுப் பயிற்சி மட்டும் செய்கிறாள். அவள் முறை வரும்போது மட்டும், "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, நீ அடுத்தவங்களப் பாரு" என்பாள். ஃபேன் இப்போதும் அதே சத்தம்தான் போடுகிறது. அவள் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

போன வாரம் அவள் வீட்டுக்குப் போனேன். காபி ஊற்றிக்கொண்டிருந்தாள். இப்போது ஒரு விரலை டம்ளரின் விளிம்பில் வைத்துக்கொண்டு, அந்த விரலைப் பார்த்துத்தான் ஊற்றுகிறாள். அண்ணன் உள்ளே யூனிஃபார்ம் மாற்றிக்கொண்டிருந்தான். இன்றைக்கு விட்டால் என்றைக்கும் இல்லை என்று தோன்றியது.

"அண்ணி, அந்தப் புதன்கிழமை நீ சொல்ல வந்தியே. நான்தான் உன் வாய மூடுனேன். அண்ணனாண்ட இப்பவே சொல்லிடறேன்."

அவள் டம்ளரிலிருந்து விரலை எடுக்கவில்லை. "சும்மா கீறியா? இத்தினி நாளா நான் யாராண்டயாவது ஒரு குறை சொன்னனா?" என்றாள். குரலில் கோபம் இல்லை. காபியை என் கையில் வைத்து, நான் பிடித்துக்கொண்டேனா என்று தொட்டுப் பார்த்துவிட்டு விட்டாள். அண்ணன் வெளியே வந்தான். சர்க்கரை போதுமா என்று கேட்டான். போதும் என்றேன். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

இல்லை அண்ணி, நீ யாரிடமும் சொல்லவில்லை. ஏழு நாளுக்கென்று நான் எழுதிப் போட்டதை நீ இன்னும் முடிக்கவே இல்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைத் திட்டேன்.