வளைவில் கழற்றிய ஹெல்மெட்

சனி ஞாயிறானால் வேலூர்ப் பக்கமிருந்து பையன்கள் பெரிய பெரிய வண்டிகளில் எங்கள் மலைக்கு ஏறி வருவார்கள். தோளிலும் முழங்கையிலும் மெத்தை வைத்துத் தைத்த கறுப்புச் சட்டை, கையில் உறை, முழங்காலில் ஓடு, காலில் பூட்ஸ். சாணி வண்டு எழுந்து நின்று நடந்தால் எப்படி இருக்கும், அப்படி. அருவியைப் பார்க்க இத்தனை வேஷமா என்று நான் வாய்விட்டே சிரிப்பேன். அருவி என்ன எழுந்து வந்து அடிக்கவா போகிறது?

எங்கள் ஊர் ஆம்பளைகள் அவர்களுக்கும் ஒரு படி கீழே. ஹெல்மெட் இல்லாத வீடு கிடையாது. ஒருவன் அதை வண்டிக் கண்ணாடியில் மாட்டியிருப்பான். ஒருவன் முழங்கையில் வளையல் மாதிரிப் போட்டிருப்பான். ஒருவன் அதற்குள் வைக்கோல் பரப்பி, நாட்டுக்கோழி முட்டை அடுக்கிச் சந்தைக்குக் கொண்டுபோனதை என் கண்ணால் பார்த்தேன். முட்டை உடையக் கூடாதாம். மலையிறங்கிப் போளூர் வந்து போலீஸ்காரர் தொப்பி தெரிந்தால்தான் தங்களுக்கும் தலை இருப்பது எல்லாருக்கும் ஞாபகம் வரும்.

என் வீட்டுக்காரரும் அந்தக் கூட்டம்தான். வயசான காலத்தில் மொபெட் ஓட்டக் கற்றுக்கொண்டார். புளி மூட்டை முன்னால், நான் பின்னால். பிள்ளைகள் கீழே வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இந்த மனுஷன் தலையில் அடிபட்டுப் படுத்துவிட்டால் எனக்கு வேறு ஆள் கிடையாது. என் கவலையெல்லாம் அவருடைய ஒரு தலைதான். அதற்குள்ளே பெரிசாக ஒன்றும் இல்லை. இருந்தாலும் எனக்கு அது வேண்டும். அதனால் வாய் ஓயாமல் திட்டித் திட்டி, மலைப்பாதையிலும் அவரை ஹெல்மெட் போட வைத்தேன்.

ஆனால் பாதையில் ஒரு வளைவு இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். பாறையடியில் எங்கள் சாமி, மஞ்சள் பூசின கல். அது ஆளை விழுங்குகிற இடம் என்றுதான் சாமியையே அங்கே வைத்தார்கள். அதைத் தாண்டும்போது ஆம்பளைகள் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நடந்து போன காலத்துப் பழக்கம். நடக்கிறவனுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. இப்போது என் வீட்டுக்காரர் மாதிரி அபூர்வமாக ஹெல்மெட் போட்டு வண்டியில் போகிறவனும், அந்த வளைவு வந்ததும் ஒரு கையை விட்டுவிட்டு, தாடை வாரை அவிழ்த்து ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். நிறுத்திக் கழற்றக் கூடாதா என்றால், ஏற்றத்தில் நிறுத்தினால் பாரத்தோடு வண்டி மறுபடி ஏறாதாம். வழியெல்லாம் போட்டுக்கொண்டு வந்து, விழுகிற இடம் பார்த்துக் கழற்றுகிறார்கள். இந்த அறிவை எந்தக் கடையில் வாங்கினார்களோ.

ஒரு மழைக்காலத்தில் போளூர் சந்தை முடிந்து ஏறிக்கொண்டிருந்தோம். வளைவில் ஜல்லி மழையில் அரித்து வந்து கிடந்தது. என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஒரு கையால் கழற்றினார். வண்டி வழுக்கிச் சாய்ந்தது. நான் சந்தையில் வாங்கின அரிசி மூட்டை மேல் விழுந்தேன். அவர் பாறையில் விழுந்தார். நெற்றியிலிருந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்குகிறது, என்னைப் பார்த்துக் கேட்கிறார்:

“இன்னாமே ஆச்சு?”

“ஒண்ணும் ஆவல. ஹெல்மெட்டு நல்லாத்தான் கீது. உன் மண்டைதான் ஒடைஞ்சிபோச்சு.”

பொய்யில்லை. ஹெல்மெட் ஓரத்துப் புதரில் ஒரு கீறல் இல்லாமல் உட்கார்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்துப் பின்னால் ஒரு சாணி வண்டு வந்தான். எங்களைப் பார்த்துச் சட்டென்று பிரேக் பிடித்தான். அதே ஜல்லியில் வழுக்கி, எங்களைவிடப் பலமாக விழுந்து உருண்டான். செத்தான் என்று நினைத்தேன். எழுந்து முழங்காலைத் தட்டிவிட்டான். சட்டையின் முழங்கைப் பக்கம் வெள்ளையாகத் தேய்ந்திருந்தது. உடம்பில் ஒரு பொட்டு ரத்தம் இல்லை.

“தாத்தா ஹெல்மெட் போடலியா பாட்டி?”

“போட்டாருப்பா. இங்க வந்துதான் சாமிக்குக் கழட்டினாரு.”

அவன் சாமியைப் பார்த்தான், புதரைப் பார்த்தான், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். அப்புறம் நல்லபடியாகத் துண்டால் கட்டுப் போட்டு, அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அந்த உதவிக்கு நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. போயும் போயும் ஒரு வண்டு எங்களைப் பார்த்துச் சிரிப்பதா?

தையல் பிரித்த அன்றைக்கே போளூரில் ஒரு ஹெல்மெட் கடைக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன். பழையது போலீஸ்காரருக்குக் காட்ட வாங்கினது. கடைக்காரர் முதலில் நெருப்புப் படம் போட்ட ஒன்றை எடுத்து நீட்டினார்.

“ஆயா, போட்டா வெயிட்டே தெரியாது.”

“தெரியாதுன்னா இன்னாத்துக்கு போடறது? உள்ள காட்டுங்க.”

உள்ளே அப்பளம் கனத்துக்கு ஒரு ஸ்பாஞ்சு. கட்டைவிரலால் அழுத்தினேன், ஓடு குழிந்தது. நான் பார்த்த பார்வையில் அவரே அதை உள்ளே வைத்துவிட்டு, தடிமனான தெர்மாகோல் வைத்த ஒன்றை எடுத்தார். என் வீட்டுக்காரருக்கு அது பிடிக்கவில்லை. தலைத்துண்டு மேலேயே போடுகிற மாதிரிப் பெரிசாக வேண்டுமாம். கடைக்காரரும் தலையை ஆட்டினார்.

“துண்ட அவுருய்யா,” என்றேன்.

“கடையிலயா?”

“கல்யாண மண்டபத்துலயா அவுப்ப?”

வெறும் தலையில் போட்டபோது கன்னம் இரண்டும் பிதுங்கியது. கடைக்காரர் உருப்படியாகச் சொன்னது ஒன்றுதான். “தலைய ஆட்டுங்க தாத்தா. தலையோட சேந்து ஆடணும். அது தனியா ஆடுச்சுன்னா வேற பாக்கணும்.” ஆட்டினார். சேர்ந்துதான் ஆடியது. தாடை வாரை நானே இழுத்துப் பார்த்தேன், கழன்று வரவில்லை. எனக்கு ஒன்று எடுக்கும்போது கொண்டை இடித்தது. கொண்டையைப் பிடரிக்கு இறக்கிப் போட்டேன். தீர்ந்தது விஷயம்.

கணுக்காலை மூடுகிற பூட்ஸ், உள்ளங்கையில் தோல் வைத்த கையுறை, கெட்டித் துணியில் பேண்ட் எல்லாம் எடுத்தேன். வேட்டி நுனி ஒருநாள் செயினில் சிக்கினால் வேறு கதையாகிவிடும்.

“இந்த வயசுல பேண்ட்டா? ஊரு சிரிக்கும்மே.”

“தையல் போட்ட மண்டைய பாத்து ஊரு அழுதுச்சா?”

முழங்கையில் மெத்தை வைத்த வண்டுச் சட்டையையும் எடுத்தேன். சிரித்தவளும் நான்தான், வாங்கினவளும் நான்தான். யார் கேட்பது?

வாங்கி என்ன பயன்? வளைவில் கழற்றுவேன் என்றே அந்த மனுஷன் நின்றார். சாமி குத்தம் ஆகிவிடுமாம். சரி என்று பூசாரி வீட்டுக்குப் போனேன். அவர் என்னைவிடச் சின்னவர்.

“தலை மேல எது இருந்தாலும் எறக்கணும்க்கா. அதான் மொறை.”

“அப்பிடியா? பொம்பளைங்க நாங்க புளி மூட்டைய தலையில வெச்சிகினு அந்த வழியாத்தான போனோம். ஒரு நாளாவது சாமிக்கு முன்னாடி எறக்கச் சொன்னீங்களா, நீங்களோ உங்க அப்பாவோ?”

“அது சொமைக்கா. சொமை கணக்குல வராது.”

கையோடு கொண்டுபோன ஹெல்மெட்டை அவர் தலையில் கவிழ்த்து, வாரை மாட்டினேன். “இது இன்னா, பூமாலையா? வெயில்ல இதோட போளூர் வரைக்கும் போய்ட்டு வந்து சொல்லுங்க.”

உள்ளே இருந்து ஏதோ முனகினார். அவிழ்த்து விட்டதும், “உன் இஷ்டம்க்கா. சாமிகிட்ட நீயே சொல்லிக்க,” என்றார். அதற்குமேல் எனக்கு என்ன வேண்டும்?

இப்போது அந்த வளைவில் நான் பின்னாலிருந்தே இரண்டு பேருக்கும் சேர்த்துக் கும்பிட்டு விடுகிறேன். கெழவிக்குத் திமிர் என்று ஊரில் பேசுகிறார்கள். முழங்கையில் ஹெல்மெட் போட்டவன் பேச்செல்லாம் என் காதில் ஏறாது. என் வீட்டுக்காரருக்குத்தான் பழக்கம் விடவில்லை. சாமியைக் கண்டதும் இடது கை தானாகத் தாடை வாருக்கு எழும்பும். வண்டுச் சட்டை முதுகில் ஓங்கி ஒன்று வைப்பேன். மெத்தை இருக்கிறது, வலிக்காது. கை இறங்கி ஹாண்டிலைப் பிடித்துக்கொள்ளும்.