மதில் தாண்டிப் போன பைப்

அப்போதுதான் பிடுங்கிய வேர்க்கடலைச் செடியின் பச்சை வாசனை... எங்கள் தெருவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான்.

நான் வீடு கட்டத் தொடங்கியபோது செஞ்சியில் இந்தப் பக்கம் தெருவே கிடையாது. சுற்றிலும் கடலைக் கொல்லை. அஸ்திவாரம் தோண்டியாயிற்று, தண்ணீர் இல்லை. பக்கத்துக் கொல்லைக்காரர் முனுசாமி, நான் கேட்கும் முன்பே தன் கிணற்றிலிருந்து பைப்பை இழுத்துவந்து போட்டார்.

"வூடு கட்றவனுக்குத் தண்ணி இல்லன்னு சொல்லுவாங்களா வாத்தியாரே? கடலை ரெண்டு நாளு காஞ்சா ஒண்ணும் ஆவாது."

இப்போது கொல்லை முழுக்க வீடுகள். போன மாதம் என் பக்கத்து ஓட்டு வீட்டை இடித்துவிட்டார்கள். நாலு மாடி ஃபிளாட் வரப்போகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் என் வாசலில் கூடினோம். காரை எங்கே நிறுத்துவார்கள், சாக்கடை தாங்குமா... எல்லாவற்றையும்விடத் தண்ணீர்தான் பயம். சித்திரையில் எங்கள் கிணறுகளில் பாறை தெரியும்.

"இவ்ளோ குடும்பம் வந்தா நாம இன்னாத்த குடிக்கிறது? நீங்கதான் சார் பேரூராட்சி ஆபீஸ்ல பேசணும்" என்றார் எதிர்வீட்டு அமுதா.

ஒப்புக்கொண்டேன். உதாரணம்கூட யோசித்து வைத்தேன். ஓர் இளநீரில் எத்தனை ஸ்ட்ரா போட்டாலும் இளநீர் அதிகமாகாது.

இன்று காலை கட்டட மேஸ்திரி வந்தார். "சார், போர் வண்டி வர ரெண்டு நாளாவும். அதுவரைக்கும் உங்க கிணத்துல ஒரு பைப் போட்டுக்கட்டுமா?"

"போட்டுக்கோப்பா" என்றேன். வாயில் தானாக வந்துவிட்டது. மோட்டார் சுவிட்சையும் நானே போட்டேன்.

சற்று நேரத்தில் அமுதா வந்தார். மதில்மேல் கிடந்த பைப்பைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? வேணான்னு சொல்லச் சொன்னா, நீங்க தண்ணி ஊத்தி வளக்கறீங்க!"

"வீடு கட்றவங்க கேட்டாங்கம்மா..."

"அது வூடா சார்? ஒரு தெருவையே தூக்கி நிறுத்தப் போறாங்க!"

அமுதா போய்விட்டார். முனுசாமி எனக்கு மட்டுமா கொடுத்தார்? பின்னால் வந்த ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். அவர் யோசித்திருந்தால் நாங்கள் யாரும் இங்கே வந்திருக்க மாட்டோம். யோசிக்காததால்தானோ என்னவோ, அவர் கிணறு தூர்ந்து, அதன்மேல் இப்போது யாரோ காரை நிறுத்துகிறார்கள்.

நாளை ஆபீசில் பேச வேண்டும். இதை எழுதும்போதும் மோட்டார் ஓடுகிறது. நிறுத்தலாம் என்று எழுந்து போனேன்... சுவிட்ச் வரை போய்விட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அன்று கடலை வாசனை. இன்று சிமெண்ட் வாசனை. பைப்பிலிருந்து தண்ணீர் விழும் சத்தம் மட்டும் அப்படியே இருக்கிறது.