தைத்துக் காட்டிக்கொடுத்த கூடு

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு ஏப்ரல் மாதத்தில் நடந்தது இது. கூலாய்க்கும் செடெனாக்கிற்கும் நடுவில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், இருக்கிறோம். கணவருக்கு எல்லை தாண்டிச் சிங்கப்பூரில் வேலை. விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் கிளம்பிவிடுவார். நான் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள்.

வெட்டியதில் மிஞ்சும் லைனிங் துணியை வீச மனம் வராமல், உள்ளங்கை அளவுக்கு நறுக்கி, தினமும் ஒரு பறவையை அதில் தைக்க ஆரம்பித்தேன். அன்றைக்கு என் கண்ணால் பார்த்த பறவை மட்டும்தான். மைனா, மீன்கொத்தி, வாய்க்கால் ஓரத்துக் கொக்கு, இப்படி ஏதாவது. எனக்கு நானே ஒரு சட்டம் வேறு போட்டுக்கொண்டேன். பறவையை எங்கே பார்த்தேனோ அந்த இடமும் துணியில் அச்சு அசலாக இருக்க வேண்டும். கொக்கு நின்ற வாய்க்காலின் உடைந்த சிமெண்டைக்கூட விடமாட்டேன். சாயங்காலம் படம் எடுத்து, பறவைப் பிரியர்கள் இருக்கும் ஒரு ஃபேஸ்புக் குழுவில் போடுவேன். நாலு பேர் பாராட்டினால் அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும். மறைப்பானேன், எனக்குப் புகழ்ச்சி பிடிக்கும்.

தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன முனியாண்டி கோயில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் விளக்குப் போடப் போனபோது, பக்கத்தில் பட்டுப்போய் நின்ற ரப்பர் மரத்தின் பொந்துக்குள் ஒரு பறவை நுழைவதைப் பார்த்தேன். நீள வால், கறுத்த முதுகு, செம்மண் நிற வயிறு. முராய் பத்து என்று இங்கே எல்லோரும் சொல்லும் பறவை. அது பாடினால் நின்று கேட்காமல் போக முடியாது. என் நெஞ்சு உயரத்தில்தான் அந்தப் பொந்து. உள்ளே குஞ்சுகளின் சத்தம்.

அன்றைக்கு ஒரு பிளவுஸும் தைக்கவில்லை. பறவையைத் தைத்தேன், மரத்தைத் தைத்தேன், பொந்தைத் தைத்தேன், பின்னால் தெரிந்த சூலத்தையும் கோயிலின் நீலத் தண்ணீர்த் தொட்டியையும்கூட விட்டுவைக்கவில்லை. படம் போட்ட கொஞ்ச நேரத்தில் ஒருவர், இது செடெனாக் ரோட்டுக் கோயிலா என்று கேட்டார். நூலில் தைத்ததைப் பார்த்தே இடத்தைக் கண்டுபிடித்துவிட்டாரே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆமாம் என்று பதில் போட்டதோடு, குஞ்சு பொரித்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

ஒரு மணி நேரம் கழித்து, முன்பின் தெரியாத ஒரு மலாய்க்கார அம்மா தனியாகச் செய்தி அனுப்பியிருந்தார். உடனே அந்தப் படத்தை அழித்துவிடுங்கள், முராய் பத்துவைப் பாட்டுக்காகப் பிடிப்பவர்கள் இந்தக் குழுவிலும் இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அவசரத்தில் இரண்டு முறை தவறான இடத்தை அழுத்தி, மூன்றாவது முறைதான் அழித்தேன். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ. கணவரிடம் சொன்னதும் அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஊருக்கே வழி சொல்லிட்டு, இப்ப அழுதா எப்படி?"

அன்று தூக்கம் இல்லை. வெளுக்கத் தொடங்கியதும் கோயிலுக்கு ஓடினேன். எனக்கு முன்பே ஒரு ஆள் அங்கே இருந்தார். ஏதோ ஒரு ஃபேக்டரியின் சட்டை, கழுத்தில் வேலை அட்டை. முப்பத்தைந்து வயது இருக்கும். மோட்டாரில் துணி போட்டு மூடிய கூண்டு. கல்லின்மேல் வைத்திருந்த கைப்பேசியில் முராய் பத்து பாடிக்கொண்டிருந்தது. தன் இடத்துக்கு வேறு ஆண் பறவை வந்துவிட்டது என்று நினைத்து, சண்டைக்கு வரும் பறவையைப் பிடிக்கும் தந்திரம் அது. காட்டுக்குள்ளிருந்து நிஜப் பறவையும் பதிலுக்குப் பாட ஆரம்பித்திருந்தது.

சுற்றுவட்டத்தில் வேறு ஆள் கிடையாது. கேட்கவும் பயம், திரும்பிப் போகவும் மனமில்லை. நேராகக் கோயிலுக்குள் போய் மணியைப் பிடித்து அடித்தேன். பூஜைக்கு அடிக்கிற மாதிரி இல்லை, தோள் கழன்றுவிடும்போல அடித்தேன். கைப்பேசியின் பாட்டு அதில் அமுங்கிப் போனது. கூடவே இன்னொரு பயமும் வந்தது. இந்தச் சத்தத்தில் தாய்ப்பறவை மிரண்டு குஞ்சுகளை விட்டுப் போய்விட்டால் என்ன செய்வேன்? அடித்தாலும் தப்பு, நிறுத்தினாலும் தப்பு. முனியாண்டியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அடித்தேன்.

கடைசியில் அவரே பாட்டை நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். கைப்பேசியில் என் படத்தைக் காட்டினார்.

"அக்கா, இத நீங்கதானே தைச்சீங்க? மரம், பொந்து, தண்ணி தொட்டி எல்லாம் அப்படியே இருக்கு. தேடவே இல்லலா, நேரா வந்துட்டேன். ரொம்ப அழகா தைக்கிறீங்க."

அவர் கிண்டல் செய்யவில்லை. மனதாரத்தான் சொன்னார். அந்த நேரத்தில் அவர் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உள்ள குஞ்சு இருக்கு தம்பி," என்றேன்.

அவர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டார். பிறகு மோட்டாரில் ஏறினார்.

"நான் போறேன்கா. ஆனா வேற ஆளுங்க வருவாங்க. படம் எல்லா குரூப்லயும் சுத்துது."

அதன்பின் கோயிலே கதியென்று கிடந்தேன். வாடிக்கையாளர்களிடம் உடம்பு சரியில்லை என்று பொய் சொன்னேன். கோயிலைக் கூட்டிச் சுத்தம் செய்யும் அக்கா, காரணம் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டு, மதிய நேரத்தை அவர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். ஒவ்வொரு மோட்டார் சத்தத்துக்கும் எழுந்து நிற்பேன். கொசு கடித்துக் கால் வீங்கியது. தாயும் தகப்பனும் மாறி மாறிப் புழு கொண்டுவருவதைப் பார்க்கும்போது மட்டும் மூச்சு சீராகும்.

ஏழாம் நாள் அந்த அக்காவுக்குக் கிளினிக் போக வேண்டியிருந்தது. எனக்கோ ஒரு கல்யாணப் பெண்ணின் பிளவுஸை முடித்தே ஆகவேண்டிய கட்டாயம். இரண்டு மணி நேரம்தான் போயிருப்பேன். திரும்பி வந்தபோது தாய் மட்டும் தனியாக இரை கொண்டுவந்துகொண்டிருந்தது. சாயங்காலம் வரை காத்திருந்தேன். காட்டிலிருந்து தகப்பனின் பாட்டு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பத்தாம் நாள் காலையில் போனபோது பொந்து காலியாக இருந்தது. மரத்தடியில் இறகு கிடக்கிறதா, புதிதாகக் காலடி இருக்கிறதா என்று குனிந்து குனிந்து தேடினேன். ஒன்றும் இல்லை. பறந்து போனதா, யாராவது எடுத்துப் போனார்களா? அப்போது புதருக்குள் எங்கோ, டக், டக் என்று மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. தாய் குஞ்சுகளைக் கூப்பிடுவதாக இருக்கலாம். வேறு ஏதோ ஒன்றாகவும் இருக்கலாம். போய்ப் பார்க்க இரண்டு அடி வைத்தேன். நான் மிதித்த புல் சாய்ந்து, எனக்குப் பின்னால் ஒரு வழி தெரிந்தது; அதைப் பிடித்துக்கொண்டு யார் வேண்டுமானாலும் வந்துவிடலாம். அப்படியே நின்றுவிட்டேன்.

அந்தக் குஞ்சுகள் என்ன ஆயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என்னால் அவற்றுக்குச் செய்ய முடிந்த ஒரே நல்ல காரியம், தெரிந்துகொள்ளாமல் திரும்பி வந்ததுதான் என்று மட்டும் இப்போது தெரிகிறது.