புகை வராத வருடங்கள்

போன செவ்வாய்க்கிழமை எனக்கு ஒரு புதுத் தொழில் கிடைத்தது. ட்ரைவர்!

பக்கத்து வீட்டு நிஷாந்தினிக்குச் சுற்றாடல் சம்பந்தமான கந்தோர் ஒன்றில் வேலை. அன்று காலை அவளுடைய ஸ்கூட்டி ஸ்டார்ட் ஆகவில்லை. "அங்கிள், முல்லைத்தீவுப் பக்கம் ஒரு தரவையைப் பாக்கோணும். ஏத்திக்கொண்டு போறீங்களே?" என்று மதிலுக்கு மேலால் கேட்டாள். பென்சன் எடுத்த வாத்தியாருக்கு வேறென்ன வேலை? நெளுக்குளத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம்.

வழி நெடுக எனக்குப் பாடம். தரவை, அதுதான் மாடு மேய்கிற புல்வெளி, எரிந்தால் பூமியைச் சூடாக்கும் பச்சைவீட்டு வாயு மேலே போகும். நாட்டில் அது வருடா வருடம் கூடுகிறதா, குறைகிறதா? எரிந்த இடங்களைச் சற்றலைட் மேலிருந்து பார்த்துச் சொல்லிவிடும். அது சொல்வது சரிதானா என்று சில இடங்களுக்கு நேரில் போய் விசாரிக்க வேண்டுமாம்.

"புல்லுத் திரும்ப முளைக்கும்தானே பிள்ளை?"

"ஓம் அங்கிள். காபனீரொட்சைட்டைப் புதுப் புல்லு திருப்பி எடுத்திடும் எண்டு கணக்கில சேர்க்காமல் விட்டிடுவினம். மீதேனும் நைதரசு ஒட்சைட்டும்தான் பிரச்சினை. அதுகளைப் புல்லுத் திருப்பி எடுக்காது."

காலமெல்லாம் தமிழ் படிப்பித்தவன் நான். விளங்கிய மாதிரித் தலையாட்டினேன். ஹெல்மெட் இருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஒட்டுசுட்டான் தாண்டி, ஒரு தேநீர்க் கடையில் வழி கேட்டோம். "காதர் நானாட்டப் போங்கோ, அவற்ர மாடுகள்தான் அந்தத் தரவையில மேயிறது" என்றார்கள்.

காதர் நானாவுக்கு (முஸ்லிம்களிடையே அண்ணனை நானா என்பார்கள்) அறுபது கடந்திருக்கும். கதிரை போட்டு இருத்தினார். மழை, மாடு, நெல் என்று நன்றாகத்தான் கதைத்துக்கொண்டிருந்தார். நிஷாந்தினி படிவத்தை வெளியே எடுத்தாள் — அவர் முகம் மாறிவிட்டது.

"இங்க நெருப்பா? சீ... சீ... நெருப்புப் பெட்டியே வாங்குறதில்லை மகள்."

குசினிக்குள்ளிருந்து அவர் மனைவி ஹலீமாவின் குரல் வந்தது. "அப்ப போன வருசம் என்ர வைக்கல் போரை எரிச்சது ஆர்? மின்னலா?"

தேத்தண்ணியோடு அவரும் வந்து சேர்ந்தார். முழுக் கதையும் வந்தது. ஆவணியில் காய்ந்த புல்லைக் கொளுத்திவிட்டால், முதல் மழைக்கு இளம் புல் வரும். மாட்டு உண்ணியும் செத்துப்போகும். வருடா வருடம் நடப்பதுதான். போன வருடம் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்று நெருப்பை வீட்டுப் பக்கம் திருப்பிவிட்டது. ஹலீமா ஓடிப்போய்க் கயிற்றை அறுத்துக் கன்றை இழுத்துக்கொண்டு வந்தாராம். கன்றின் முதுகில் பொசுங்கிய அடையாளம் இன்னும் இருக்கிறது.

"வழக்குப் போடுவியளோ மகள்?"

"இல்லை நானா. ஆரெண்டு நான் கேக்கேல்லை. எப்ப, எவ்வளவு எண்டுதான்." லப்ரொப்பைத் திறந்து காட்டினாள். வரைபடத்தில் அந்தத் தரவை. எரிந்த இடத்தில் சிவப்புப் பொட்டு. போன வருடத்துப் பொட்டு வைக்கல் போர் வரைக்கும் வந்திருந்தது!

நானா கதிரையைக் கிட்ட இழுத்தார். "இது எத்தினை வருசத்துக்குப் பின்னால போகும்?"

"இருபதுக்கு மேல போகலாம்."

அவர் மனைவியைப் பார்த்தார். "அப்ப... நாங்க புத்தளத்தில இருந்த காலமும் தெரியுமா?"

தொண்ணூறாம் ஆண்டு வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது இளம் தம்பதியாக இங்கிருந்து வெளிக்கிட்டவர்கள். புத்தளத்தில் கொட்டிலில் இருந்து, பிறகு வாடகை வீட்டில் இருந்து, பிள்ளைகளையும் பெற்று, கண்ணிவெடி எடுத்து முடிந்த பிறகுதான் திரும்பியிருக்கிறார்கள். இடையில் இந்த நிலத்துக்கு என்ன நடந்தது? அவருக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

"என்ர தரவை எரிஞ்சதா எண்டு பாருங்கோ மகள்."

நிஷாந்தினி பழைய வருடம் ஒன்றைத் திறந்தாள். பொட்டு இல்லை. அடுத்தது. இல்லை. "பாத்தீங்களா, எரியேல்லை!" என்று நானா சிரித்தார். அடுத்ததும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. நானாவின் சிரிப்பு மெல்ல நின்றுவிட்டது.

"ஒரு பொட்டுக்கூட இல்லையே..." என்றார்.

"மாடு இல்லை. மனுசர் இல்லை. பிறகு ஆர் கொளுத்துறது?" என்றார் ஹலீமா.

நிஷாந்தினி வருடங்களைத் தள்ளிக்கொண்டே வந்தாள். திடீரென்று தரவையின் நடுவில் ஒரேயொரு சிவப்புப் பொட்டு.

"நிப்பாட்டுங்கோ!" நானா திரையில் விரலை வைத்தார். "இது நான்."

"என்ன நானா?" என்றாள் நிஷாந்தினி.

"நான்தான் வச்சனான். நாங்க திரும்பி வந்த வருசம். தரவை எங்கயெண்டே தெரியேல்லை மகள், ஆளுயரத்துக்குச் சூரை முள்ளு. ஒரு பின்னேரம் கொளுத்தினன். எரிஞ்சு அடங்கினாப் பிறகு பாத்தா, அங்கால எங்கட பழைய கிணத்துக் கட்டு! இவ அழத் தொடங்கிட்டா."

"நான் அழேல்லை. புகை கண்ணுக்குள்ள போனது."

நெருப்புப் பெட்டியே வாங்காத மனிதர் இப்போது நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். "எழுதுங்கோ மகள். காதர் வச்ச நெருப்பு எண்டு எழுதுங்கோ."

"பேர் எழுத இதில இடமில்லை நானா."

யோசித்துப் பாருங்கள். எங்கோ ஏசி அறையில் இருக்கும் ஒருவர் இந்தத் தரவையின் புகையை வருடவாரியாகக் காட்டும் வரைகோட்டைப் பார்க்கிறார். பல வருடம் தரையோடு தரையாகக் கிடக்கிறது. ஆஹா, புகை இல்லை, நல்ல காலம் என்றுதானே நினைப்பார்? ஒரு தரவையை வைத்து நாட்டை அளக்க முடியாதுதான். நல்ல காரணத்துக்காக இறங்குகிற கோடுகளும் இருக்கும். ஆனால் இனிமேல் கோடு இறங்கினால் உடனே கை தட்ட என்னால் முடியாது. அங்கே ஆட்கள் இருந்தார்களா என்று முதலில் கேட்பேன்.

ஹலீமா இதற்கெல்லாம் மசியவில்லை. "பழங்கதை சரி. இந்த வருசம்?"

"கொளுத்தாமலே விடேலாதா நானா?" என்றாள் நிஷாந்தினி.

"அப்ப உண்ணிக்கு என்ன செய்யிறது?"

மிருக வைத்தியரிடம் கேட்டுச் சொல்வதாகக் குறித்துக்கொண்டாள். கடைசியில் ஓர் ஒப்பந்தம் வந்தது. வீட்டுப் பக்கம் நெருப்பே இல்லை. அங்கே புல்லை வெட்டி மாட்டுக்குப் போடுவது. நெருப்புத் தாண்டாமல் நடுவில் உழவு மிசினால் உழுதுவிடுவது. தூரப் பக்கம் மட்டும் கொளுத்துவது, அதுவும் காற்றில்லாத நாளில்.

"புல்லு வெட்டுறது ஆர்?" என்றார் ஹலீமா.

"நான்தான்."

"இந்தப் பிள்ளைக்குக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ."

"நான்தான்! நான்தான்!"

படிவத்தின் கடைசிக் கேள்வி: தீக்கான காரணம். மின்னல், வேட்டை, கவனயீனம், மேய்ச்சல், வேறு. போன வருடத்துக்கு 'மேய்ச்சல்'. அந்த முதல் பொட்டுக்கு? நிஷாந்தினி பட்டியலை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை வாசித்தாள். பிறகு 'வேறு' என்பதில் புள்ளடி போட்டு, பக்கத்தில் எழுதினாள்: 'ஊர் திரும்பியது.'

வெள்ளிக்கிழமை அவளுடைய மேலதிகாரி போன் எடுத்தாராம். இப்படி ஒரு காரணம் பட்டியலிலேயே இல்லையே பிள்ளை, மாற்றிவிடலாமே என்று.

"ஏலாது சேர்" என்றாளாம்.

இத்தனைக்கும் அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை!